தலைமாறிய லாக்

அந்த வீட்டுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது காலை மணி பதினொன்று. வெயில் அடிக்க வேண்டிய நேரம்தான். ஆனால் மேகம் இறங்கி நின்றதால், தெரு முழுவதும் கழுவாத கண்ணாடி வழியே பார்ப்பதுபோல் மங்கிக் கிடந்தது. நீளமான மதில். துருப்பிடித்த இரும்புக் கேட். உள்ளே தள்ளி ஒரு பழைய வீடு, அதன் பக்கவாட்டில் தகரம் போட்ட ஷெட். வீட்டுக்குள்ளிருந்து தையல் மெஷின் ஓடும் சத்தம் சீராக வந்துகொண்டிருந்தது.

என்னோடு வந்தவர் என் தங்கையின் கணவர். மறுநாள் அவர் புது வேலையில் சேர வேண்டும். ஊருக்கு வெளியே நீரேற்று நிலையத்தில் மோட்டார் ஓட்டும் வேலை. இருபத்திரண்டு கிலோமீட்டர் தூரம், அந்தப் பக்கம் பஸ் கிடையாது. போகிற வழியில் தங்கையையும் அவள் வேலை பார்க்கும் அச்சகத்தில் இறக்கிவிட வேண்டும். அதற்காக அவசரமாக ஒரு பழைய பைக்கைப் பேசி முடித்திருந்தார். ஏழு வருடமாக ஓடாமல் நிற்கும் வண்டி. நான் மெக்கானிக். முடித்த பிறகுதான் எனக்கே சொன்னார்.

"ஏழு வருஷம் நின்ன வண்டிய இப்படிக் கண்ண மூடிட்டு முடிச்சிருக்கீங்களே மாப்பிள்ளை."

"உங்க தங்கச்சியையும் அப்படித்தான் மச்சான் முடிச்சேன். நல்லாத்தானே ஓடுது."

"இருங்க, அவகிட்டச் சொல்றேன்."

"சொல்லிடாதீங்க. நாளைக்கு அவதான் பின்னாடி உக்காந்து வரப்போறா."

என் பையில் ஒரு புது செயின் செட் இருந்தது. நின்ற வண்டியில் எது முதலில் கெடும் என்று கேட்டால் செயின் என்றுதான் சொல்வேன். எஞ்சின் எவ்வளவு சக்தி கொடுத்தாலும் அதைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோவது அந்த ஒரு செயின்தான். எஞ்சினோடு ஒரு சின்னப் பல்சக்கரம், பின்சக்கரத்தோடு ஒரு பெரிய பல்சக்கரம், இரண்டையும் சுற்றி நூற்றுச் சொச்சம் கண்ணிகள். மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். தேய்ந்த பல்லில் புதுச் செயினைப் போட்டால், பல் செயினைத் தின்றுவிடும்.

கதவைத் திறந்த பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கும். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. மருத்துவமனைகளுக்குப் படுக்கை விரிப்பு தைத்துக் கொடுப்பவர் என்று மாப்பிள்ளை வழியிலேயே சொல்லியிருந்தார். ஷெட் கதவைத் தள்ளிவிட்டு, உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

"என் வீட்டுக்காரர் வண்டி. அவர் போனப்புறம் யாரும் எடுக்கல. சாவி அதுலயேதான் இருக்கு."

சீட்டின் மேல் தூசி துணி விரித்ததுபோல் படிந்திருந்தது. ஹேண்டிலுக்கும் கண்ணாடிக்கும் நடுவே சிலந்தி வலை. இரண்டு டயரும் காற்றிறங்கித் தரையோடு ஒட்டிக் கிடந்தன. அப்படிப்பட்ட ஷெட்டில் துருவும் எலிப்புழுக்கையும்தான் நாற வேண்டும்.

புது கியர் ஆயில் வாசனை வந்தது.

குனிந்து பார்த்தேன். தூசி மூடிய வண்டியில் செயின் மட்டும் ஈரமாக மின்னியது.

"இதுக்கு எண்ணெய் விட்டீங்களாக்கா?"

"அதத் தொட இங்க யாரு இருக்கா?"

சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, பின் பல்சக்கரத்தின் பின்புறத்தில் செயினை விரலால் பிடித்து இழுத்தேன். செயின் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க இதைவிட எளிய வழி இல்லை. நல்ல செயின் பல்லோடு ஒட்டிக்கொண்டு அசையாது. இது பல்லை விட்டுப் பாதிக்கு மேல் எழுந்து வந்தது. பற்களும் நிமிர்ந்து நிற்கவில்லை. ஒரே பக்கமாகக் கொக்கிபோல் வளைந்து, நுனி கூர்ந்து கிடந்தன. முப்பதாயிரம் கிலோமீட்டர் ஓடினால்தான் பல் அப்படி ஆகும்.

"கடைசியா எப்பக்கா செயின் மாத்தினது?"

"அவர் போறதுக்கு நாலு நாள் முன்னாடி. எல்லாமே புதுசு."

நான் சிரிக்கப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை. சக்கரத்தை மெல்லச் சுற்றி, செயினைப் பிரிக்க லாக்கைத் தேடினேன். செயினின் இரண்டு முனைகளையும் இணைக்கும் கண்ணிக்குத்தான் லாக் என்று பெயர். அது மேலே வந்து நின்றது.

லாக்குக்கு இரண்டு பக்கமும் இருந்த கண்ணிகளில் ஒவ்வொரு சொட்டு மஞ்சள் பெயிண்ட்.

அது என் பழக்கம். நூற்றுச் சொச்சம் கண்ணிகளுக்குள் லாக் எங்கே என்று அடுத்த முறை தேட வேண்டாம் என்பதற்காக நான் வைக்கும் அடையாளம். வேறு எந்த மெக்கானிக்கும் அப்படி வைத்து நான் பார்த்ததில்லை.

கையிலிருந்த பிளையரைக் கீழே வைத்தேன்.

ஏழு வருடத்துக்கு முன் நான் வேறொரு பட்டறையில் இருந்தேன். ஒருவர் கறுப்பு பைக் கொண்டுவந்தார். செயின் செட் மாற்ற வேண்டும். பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்து, இது எதற்கு, அது எதற்கு என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கு அப்படிப்பட்டவர்களைப் பிடிக்கும். சொல்லிக் கொடுப்பதென்றால் எனக்குச் சாப்பாடு வேண்டாம்.

"இது என்னங்க, குட்டி மீன் மாதிரி இருக்கு?" என்று கேட்டார்.

லாக்கைப் பிடித்து வைக்கும் கிளிப் உண்மையிலேயே மீன் போலத்தான் இருக்கும். ஒரு முனை மூடியிருக்கும், அது தலை. மறுமுனை பிளந்திருக்கும், அது வால். செயின் எந்தப் பக்கம் ஓடுகிறதோ, அந்தப் பக்கம் தலை போக வேண்டும். வால் முன்னால் போனால் ஒரு கல்லோ கம்பியோ பிளவில் பட்டு, கிளிப் தெறித்துவிடும். செயின் மேல்பக்கம் ஓடும்போது முன்னோக்கி ஓடுகிறது, கீழ்ப்பக்கம் ஓடும்போது பின்னோக்கி ஓடுகிறது. ஆகவே லாக் மேலே இருந்தால் மீன் ஹெட்லைட்டைப் பார்க்க வேண்டும். கீழே இருந்தால் டெயில் லைட்டைப் பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் அவருக்கு விளக்கிக்கொண்டே மாட்டினேன். "தலை எப்பவும் முன்னாடி போகணும்" என்று ஹெட்லைட்டைக் காட்டியபடியே கிளிப்பை அழுத்தினேன். அப்போது லாக் கீழே இருந்தது. வாயில் சரியாகச் சொல்லி, கையால் தலைகீழாக மாட்டிவிட்டேன்.

நான்காம் நாள், பாலத்து இறக்கத்தில் செயின் கழன்று முன் பல்சக்கரத்தில் சுருண்டது. பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. பின்னால் லாரி.

வண்டியைப் போய்ப் பார்த்தேன். மஞ்சள் சொட்டோடு இரண்டு முனைகள் தொங்கின. நடுவில் லாக் இல்லை. என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அடுத்த மாதம் அந்தப் பட்டறையை விட்டு வந்துவிட்டேன்.

"வண்டி அப்ப கறுப்பா இருந்துச்சாக்கா?" என்று கேட்டேன்.

"ஆமா. அவர் தம்பிதான் எல்லாத்தையும் நேராக்கி, அதே செயின மாட்டி, சிவப்பு அடிச்சுக் கொண்டாந்து விட்டார். எப்படித் தெரியும்?"

"டேங்க் ஓரத்துல உரிஞ்சிருக்கு. அடியில கறுப்பு தெரியுது," என்று மாப்பிள்ளை எனக்காகப் பதில் சொன்னார்.

அந்தப் பெண் அளவு நாடாவை விரலில் சுற்றினார். "செயின ஒழுங்கா கவனிக்கலன்னு அவர் அம்மாவே அவரத்தான் திட்டுனாங்க. ஞாயித்துக்கிழமை ஆனா பழைய டூத் பிரஷ வெச்சுக்கிட்டு ஒவ்வொரு கண்ணியா தேய்ப்பார். அவரப் போய்... செயின் போட்ட மெக்கானிக் தங்கமான ஆளாம். அவர் கை வெச்சா தப்பே வராதுன்னு சொல்லிட்டிருந்தார்."

நான் மாப்பிள்ளையைத் தனியாக இழுத்துக்கொண்டு போனேன்.

"வேற வண்டி பாப்போம்."

"நாளைக்கு ஏழு மணிக்கு நான் அங்க நிக்கணும் மச்சான். போகலன்னா வேற ஆளப் போட்டுடுவாங்க. ரெண்டு வருஷம் சும்மா இருந்து கெடைச்ச வேலை."

"சொன்னாக் கேளுங்க."

"காரணத்தச் சொல்லுங்க. இப்பவே விட்டுட்டு வந்துடறேன்."

காரணம் ஒன்றுதான். அதைச் சொன்னால் வாசலில் நிற்பவருக்கும் கேட்கும். நான் திரும்பிப் போய் ஸ்பேனரை எடுத்தேன்.

சக்கரத்தைக் கழற்றினேன். பழைய பற்களை எடுத்துவிட்டுப் புதியதை முடுக்கினேன். புதுச் செயினைச் சுற்றிக்கொண்டு வந்து, இரண்டு முனைகளையும் பின் பல்சக்கரத்தின் மேலேயே சேர்த்தேன். பல் பிடித்துக்கொள்வதால் அங்கே மாட்டுவது சுலபம். தட்டி இறுக்கும் ரிவெட் லாக் கையில் இருந்திருந்தால் கிளிப்பே வேண்டியிருக்காது. அன்று என்னிடம் இல்லை. கிளிப்பை மாட்டி, சக்கரத்தைச் சுற்றி, லாக்கை மேலே கொண்டுவந்து பார்த்தேன். மீன் ஹெட்லைட்டைப் பார்த்தது. இரண்டு பக்கமும் மஞ்சள் வைத்தேன். கை தானாக வைத்தது.

பெயிண்ட் டப்பாவை மூடத் திரும்பினேன். டிக், டிக், டிக், டிக். உள்ளே தையல் மெஷின்.

"டீ குடிங்க." அந்தப் பெண் இரண்டு டம்ளருடன் வாசலில் நின்றார்.

"உள்ள யாருக்கா தைக்கிறது?"

"யாருமில்ல. நான்தான் இங்க நிக்கறேனே."

டிக், டிக், டிக்.

பின்சக்கரம் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. நாங்கள் பார்க்கப் பார்க்க நின்றது. லாக் மேலே வந்து நின்றது.

மீன் டெயில் லைட்டைப் பார்த்தது.

தப்பாக மாட்டிவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். முன்பு ஒருமுறை அப்படி மாட்டியவன்தானே. கழற்றித் திருப்பி மாட்டினேன். மாப்பிள்ளையை எதிரில் உட்கார வைத்தேன்.

"இதையே பாருங்க. கண்ண எடுக்காதீங்க."

"என்ன மச்சான், இது என்ன ஓடியா போயிடும்?"

"பாருங்க."

நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று பத்து வரை எண்ணினேன். ஏழில் அந்தச் சத்தம் கேட்டது. ஒரே ஒரு டிக்.

"மச்சான்," என்றார் மாப்பிள்ளை. குரலில் கேலி போயிருந்தது. "தலை முன்னாடிதானே இருந்துச்சு? நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

அவரைக் காற்றடிக்கும் பம்பு வாங்கி வரச் சொல்லி அனுப்பினேன். அந்தப் பெண் உள்ளே போய்விட்டார். தகரத்தின் மேல் முதல் தூறல் விழுந்தது. நான் சக்கரத்தின் அருகில் மண்டியிட்டேன். எண்ணெய் வாசனை இப்போது மூச்சு முட்டுமளவு இருந்தது, யாரோ எண்ணெய்க் கையோடு பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, நான் மாட்டுவதைப் பார்ப்பதுபோல.

கிளிப்பைத் திருப்பி மாட்டி, அதன் மேல் கட்டைவிரலை வைத்தேன்.

"இவரும் என் தங்கச்சியும் உங்களுக்கு ஒண்ணும் பண்ணல," என்று கிசுகிசுத்தேன். "தப்பு பண்ணினது நான். எங்கிட்ட வாங்க."

விரலுக்கு அடியில் கிளிப் ஒரு முறை துடித்தது.

அப்புறம் அது திரும்பவே இல்லை.

மாப்பிள்ளை மறுநாள் வேலைக்குப் போனார். ஐந்நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை வண்டியை என் பட்டறைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று சத்தியம் வாங்கியிருந்தேன். மண்ணெண்ணெயில் பிரஷை நனைத்துச் செயினைத் தேய்ப்பேன், துணியால் துடைப்பேன், கீழ்ச் செயினின் உள்பக்கமாக எண்ணெய் விடுவேன். ஓடும்போது எண்ணெய் வெளிப்பக்கமாகத்தான் தெறிக்கும் என்பதால் உள்ளே விட்டால்தான் கண்ணிக்குள் இறங்கும். எல்லாம் சக்கரத்தைக் கையால் சுற்றித்தான். எஞ்சினை ஓடவிட்டுச் செய்பவர்கள் விரலை இழப்பார்கள். கடைசியில் கீழ்ச் செயினின் நடுவில் விரல் வைத்துத் தூக்கிப் பார்ப்பேன். இரண்டு விரல் அளவு தொய்வு இருக்க வேண்டும். எந்தச் செயினும் ஓட ஓடத் தொய்யும். அப்போது சக்கரத்தைக் கொஞ்சம் பின்னால் நகர்த்தி இறுக்க வேண்டும்.

அந்தச் செயின் தொய்யவே இல்லை.

எட்டாயிரம் கிலோமீட்டர் ஆயிற்று. ஒரு திருகு கூட இறுக்கவில்லை. பற்கள் கடையில் வாங்கிய அன்று இருந்ததுபோலவே இருந்தன.

"உங்க கைராசி மச்சான்," என்றார் மாப்பிள்ளை. தங்கை பின்சீட்டிலிருந்து, "எங்கண்ணன் கை வெச்சா சும்மாவா?" என்றாள். நான் அவர்கள் முகத்தைப் பார்க்காமல் கையைத் துடைத்தேன்.

ஏனென்றால் என் சொந்த வண்டியின் செயின் வாராவாரம் தொய்ந்துகொண்டிருந்தது. செட்டை மாற்றினேன். இரண்டே வாரத்தில் பற்கள் கொக்கியாக வளைந்தன. பயந்துபோய் ஓட்டுவதையே விட்டேன். பட்டறையின் மூலையில் நிறுத்தி, சாக்கால் மூடி, சாவியை ஆணியில் மாட்டினேன்.

நின்ற இடத்திலேயே தேய்ந்தது.

மாப்பிள்ளை வண்டியின் மீட்டரை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சரியாக இருந்தது. அவர் ஓட்டிய ஒவ்வொரு கிலோமீட்டரும் ஐம்பது மடங்காக என் செயினில் தேய்ந்திருந்தது. தினமும் காலையில் சாக்கை எடுத்தால் கியர் ஆயில் வாசனை. கிளிப் தலைமாறி இருக்கும். திருப்பி வைப்பேன். மறுநாள் மறுபடியும் மாறியிருக்கும். சக்கரத்தைப் பின்னால் நகர்த்தி நகர்த்தி, அச்சுக்குப் பக்கத்தில் இருக்கும் அளவுக் கோடுகளில் கடைசிக் கோட்டுக்கு வந்துவிட்டது. அதற்குமேல் நகர்த்த இடமில்லை.

நேற்று மதியம் பட்டறை ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டு, ஆறு கிலோமீட்டர் நடந்து அந்த வீட்டுக்குப் போனேன்.

அந்தப் பெண் மெஷினில் உட்கார்ந்திருந்தார். நான் உட்காரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். லாக் எப்படி இருக்கும், தலை எது, வால் எது, மேலே இருந்தால் எப்படி, கீழே இருந்தால் எப்படி, நான் எதை எப்படி மாட்டினேன் என்று ஒன்று விடாமல் சொன்னேன். அவர் கால் மிதியை விட்டு இறங்கியது. வெள்ளை விரிப்பு ஊசியிலிருந்து சரிந்தது.

"அப்ப அவர் கவனிக்காம இருக்கல."

"இல்லக்கா. அவர் மேல ஒரு தப்பும் இல்ல."

அவர் என்னைத் திட்டவில்லை. அழவும் இல்லை. அந்த விரிப்பை நான்காக மடித்தார், எட்டாக மடித்தார், மறுபடி பிரித்தார். அவர் எதையாவது எடுத்து எறிந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"கெளம்புறேன்க்கா," என்றேன் கடைசியில். "நடந்து போகணும்."

"நடந்தா?" அவர் நிமிர்ந்து பார்த்தார். "நீங்க வரும்போது வண்டி சத்தம் கேட்டுச்சே."

எழுந்து என்னோடு கேட் வரை வந்தார்.

கேட்டுக்கு வெளியே என் வண்டி நின்றது.

சூடான எஞ்சின் ஆறும்போது வருமே, அந்தச் சின்னச் சத்தம் வந்துகொண்டிருந்தது. சாவி வண்டியிலேயே இருந்தது. சீட்டில் சாக்கின் நார் ஒட்டியிருந்தது. குனிந்து பார்த்தேன். லாக் மேலே வந்து நின்றது. இரண்டு பக்கமும் மஞ்சள். நடுவில் கிளிப் இல்லை.

"பாத்துப் போங்க," என்றார் அந்தப் பெண். என் தோளுக்குப் பக்கத்தில்தான் நின்றார்.

வீட்டுக்குள் தையல் மெஷின் ஓடத் தொடங்கியது.

நான் வண்டியைத் தொடவில்லை. நடந்தேன். தெருமுனை தாண்டியதும் பின்னால் அந்த ஓசை கேட்டது. எஞ்சின் சத்தம் இல்லை. செயின் மட்டும். தொய்ந்த செயின் சுற்றும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை அதை மூடிய தகரக் கவரில் இடிக்கும். அதைக் கேட்டே எத்தனை விரல் தொய்வு என்று சொல்லிவிடுவேன். நான் வேகமாக நடந்தபோது அதுவும் வேகமாக இடித்தது. நான் நின்றபோது நின்றது. திரும்பிப் பார்க்கவில்லை.

கிளிப் இல்லாத செயின் நூறு அடி கூடத் தாங்காது. வேறு யாரையும்விட அது எனக்குத் தெரியும்.

ஆறு கிலோமீட்டர், என் பட்டறை வாசல் வரை, அது கழலாமல் வந்தது.